ஸ்டெலாவின் குரல் கேட்டு நான் போட்ட விண்ணப்பம்

இன்று நவநாள் செபம். எங்கள் கொழும்புத்துறைக் கோவிலில் விண்ணப்பங்களைப் பெயர் போடாமல் கடதாசித் துண்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், பூசையில் உரக்க வாசிப்பார்கள்.

நான் எழுதியது: "ஆண்டவரே, ஸ்டெலாவின் குரலை எனக்குத் தாரும்."

வாசிக்க வந்தது ஸ்டெலாவேதான்!! எங்கள் பாடகர் குழுவின் நட்சத்திரம். நான் அவளுடைய தீவிர ரசிகை. அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், என் குரலை நினைத்து அழுகிறவளும் நான்தான்.

பூசை முடிந்ததும் நேரே வந்தாள்.

"எடியே, உது உன்ரை எழுத்துத்தானே?"

"ஓமடி..."

"என்ரை குரலை உனக்குத் தந்தா நான் என்னத்தாலயடி பாடுறது? ஆண்டவர் உனக்குத் தந்த குரலுக்கு ஒருநாளாவது நன்றி சொன்னனியோ?"

சொன்னதேயில்லை. திரும்பிப் போய் முழங்காலிட்டுச் சொன்னேன். மனம் லேசாகிவிட்டது.

பிறகு எங்கள் குழுவின் பாட்டுப் பயிற்சியில், என் கரகரத்த குரலில் முதல்முறையாக வாய்விட்டுப் பாடினேன்.

ஸ்டெலா சிரித்தபடி காதைப் பொத்தினாள். ஆண்டவர் பொத்தியிருக்க மாட்டார், என்ன சொல்றியள்?