சந்திரனும் செத்தல் மிளகாயும்

ஜேர்மனியின் ஹம் நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு நான் மூன்று தரம் தீயணைப்புப் படையை வரவழைத்திருக்கிறேன். மூன்று தரமும் தீ இல்லை. மூன்று தரமும் குற்றவாளி காய்ந்து சிவந்த செத்தல் மிளகாய்தான்.

அது நாலு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் வயோதிபர்களைப் பகலில் பராமரிக்கும் நிலையம் ஒன்று இருந்தது. காலையில் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள், பின்னேரம் கூட்டிப்போவார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்காக மாடிப்படி நெடுகிலும் புகை அறியும் கருவிகளைப் பூட்டியிருந்தார்கள். கருவியில் புகை பட்டால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும், அதே நேரம் தீயணைப்பு நிலையத்திலும் அடிக்கும். எங்கள் வாசலுக்கு நேர் மேலே, வெள்ளைத் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஒட்டியதுபோல அப்படி ஒன்று இருந்தது. குடிவந்து ஒரு வருஷமாகியும் நான் அதை அண்ணாந்து பார்த்ததில்லை.

கறித்தூளை நான் கடையில் வாங்குவதில்லை. மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்தால்தான் அது தூள். மற்றதெல்லாம் சிவப்பு மா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கணவர் தொழிற்சாலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு தாச்சியை அடுப்பில் ஏற்றுவேன். அந்தத் தை மாதம் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் பல்கணிக் கதவைத் திறக்க மனம் வரவில்லை. மிளகாய்க் காரம் தொண்டையைப் பிடித்தபோது, எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாசல் கதவை விரியத் திறந்து, துவாயால் புகையை மாடிப்படிப் பக்கம் விசிறித் துரத்தினேன். அது நேரே சிரட்டைக்குள் போனது.

ஆறு பேர் தலைக்கவசமும் கோடரியுமாக ஏறி வந்தார்கள். முதலாவதாக வந்தவர் வாயைத் திறப்பதற்குள் தும்மத் தொடங்கிவிட்டார். பிறகு இரண்டாமவர். ஆறு ஆம்பிளைகள் என் குசினி வாசலில் நின்று வரிசையாகத் தும்மியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பயமும் இருந்தது. "நான்தான், நான்தான்" என்று அகப்பையோடு கையை உயர்த்தினேன்.

மாடிப்படியில் மேல்வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும், குட்டையாக வெட்டிய நரைத்த தலை. மணிக்கூட்டைப் பார்த்தாள், கையிலிருந்த கொப்பியில் எதையோ எழுதினாள், போய்விட்டாள்.

பங்குனியில் இரண்டாம் தரம். கதவை விரல் அளவுதான் திறந்தேன், அதுவே போதுமாக இருந்தது. அப்போதும் "நான்தான்" என்று சொன்னேன். அப்போதும் அவள் எழுதினாள். ஒரு கிழமையில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. நானும் கணவரும் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தோம்.

வைகாசியில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். பல்கணியைத் திறந்துவிட்டு, வாசலைப் பூட்டி, கதவுக்குக் கீழே ஈரத் துவாயும் வைத்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்தால் வழக்கத்துக்கு முந்தி வந்த மகள் தன் திறப்பால் கதவைத் திறந்தாள். பல்கணியால் வந்த காற்று, குசினிப் புகை முழுவதையும் அள்ளிக்கொண்டு மாடிப்படிக்குப் போனது. அதே தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். இந்த முறை ஒருவர் முகக்கவசம் போட்டே ஏறினார். மூன்றாம் தரமும் "நான்தான்" என்றேன், மூன்றாம் தரமும் அவள் எழுதினாள்.

இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தோடு ஆனி மாதம் நிர்வாகத்தில் ஒரு சந்திப்புக்கும் நாள் குறித்து அனுப்பினார்கள். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வீட்டை விட்டு எழுப்பப் போகிறார்கள் என்பது விளங்கியது. அந்த வீடு கிடைக்க எங்களுக்கு இரண்டு வருஷம் எடுத்தது. தொலைபேசியில் எங்கள் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர்கள் "இப்பதான் குடுத்திட்டம்" என்பார்கள். இங்கே மகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி, கணவருக்கு ரயில் நிலையம் பத்து நிமிஷ நடை. அதெல்லாம் மிளகாயோடு சேர்ந்து கருகப் போகிறது.

"இஞ்சாரும், கடைத்தூள் வாங்கினால் உமக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்றார் கணவர்.

"எனக்கொண்டும் குறையாது. சாப்பிடேக்க உங்கட முகம் எப்பிடிப் போகுமெண்டுதான் பாக்கிறன்."

"சரி, அப்ப மேல போய் அந்த மனுசியோட சமாதானமாக் கதையும். சண்டை பிடிக்காதையும்."

சண்டை பிடிக்கிற நோக்கத்தோடுதான் நான் போனேன். சாட்டுக்கு ஒரு தட்டில் உழுந்து வடையும் கொண்டுபோனேன். அவள் கதவைத் திறந்தாள், வடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் பேசியது ஜேர்மன் மொழி, ஆனால் என் தலைக்குள் எல்லாம் எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"வறுக்கத் துவங்கி எத்தினையாம் நிமிசத்தில மணி அடிச்சது?"

"என்ன?"

"நிமிசம். மூண்டு தரமும் மணி அடிச்ச நேரத்தை நான் எழுதினனான். நீங்கள் அடுப்புப் பத்தவைச்ச நேரம் என்னட்ட இல்லை. உள்ளுக்கு வாங்கோ."

கொப்பியை விரித்து வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் எட்டுத் தரம் மணி அடித்திருந்தது. மூன்றுதான் என்னுடையது. ஒன்று கீழே வயோதிபர்களுக்குப் பாண் துண்டுகளை வாட்டியபோது, இரண்டு பெயின்ற் அடிக்க வந்தவர்கள் சுவரைச் சுரண்டிய தூசியில், ஒன்று யாரோ மாடிப்படியில் சிகரெட் பிடித்ததற்கு, ஒன்று காரணமே இல்லாமல். ஆனால் கட்டடத்தில் எட்டுமே என் தலையில்தான் விழுந்திருந்தது. பனைமரத்துக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள் என்றுதானே சொல்லுவார்கள். நான் சி.ஐ.டி. என்று ஏசிய மனுசி ஆறு மாதமாக என் பக்கத்து ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று விளங்கியபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு மேல்வீட்டு அம்மா.

"நான் சைரன் அடிக்கிற இடத்தில இருவது வருசம் வேலை செய்தனான்" என்றார்.

பனிப்போர்க் காலத்தில் ஜேர்மனியின் மேற்குப் பாதியில் அப்படிச் சில அலுவலகங்கள் இருந்தனவாம். மலைப்பக்கத்தில், நிலத்துக்கு அடியில், மாடி மாடியாக. ரஷ்யாவிலிருந்து அணுகுண்டு வருகிறது என்று ராடர்காரர்கள் சொன்னால், பொத்தானை அழுத்தி ஊரூராகச் சைரனை அலறவைப்பது இவருடைய வேலை. ஒத்திகைக்கு எத்தனையோ தரம் அழுத்தியிருக்கிறார். உண்மைக்கு ஒருநாளும் இல்லை. கிழக்கையும் மேற்கையும் பிரித்த மதில் விழுந்து சில வருஷத்தில் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள்.

"வேலையில இருக்கேக்க எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. பென்சன் எடுத்தாப் பிறகுதான் புத்தகங்கள் வாசிச்சு அறிஞ்சன். வடதுருவப் பக்கம் அமெரிக்கர் புதுசா ஒரு ராடர் பூட்டினவை. ஒருநாள் அது ஏவுகணையள் வருது, வருது எண்டு கத்திச்சுது. பாத்தா என்ன, சந்திரன் எழும்புது."

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, சந்திரனை ஒருத்தரும் கழட்டேல்லை. ராடரைத்தான் திருத்தினவை."

வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார். ஒரு இராணுவத் தளத்தில் வேலியில் ஏறிய கரடியை எதிரியென்று நினைத்துக் காவல்காரர் சுட, இன்னொரு தளத்தில் பிழையான மணி அடித்து, விமானிகள் அணுகுண்டு விமானங்களுக்கு ஓடினார்களாம். கடைசி நேரத்தில் ஒரு கார்தான் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓடுபாதைக்குள் போய் மறித்ததாம். இன்னொரு முறை ஒத்திகை நாடாவை உண்மையான கணினியில் போட்டுவிட்டு, உலகம் அழியப்போகிறது என்று சில நிமிஷம் பதறியிருக்கிறார்கள். ஸ்பெயினில் ஒரு விமானம் உடைந்து, குண்டுகள் தக்காளித் தோட்டப் பக்கமாக விழுந்தன. ஒன்று கடலுக்குள் போய்விட்டது. விழுந்த இடத்தைத் தன் கண்ணால் கண்ட மீன்பிடிகாரர் ஒருவர் சொல்லியும், தொடக்கத்தில் அவருடைய பேச்சைக் கணக்கில் எடுக்காமல் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்களாம்.

எனக்கு அந்த மீன்பிடிகாரரைப் பிடித்துப்போனது. அகதி விண்ணப்பத்தில் நான் சொன்ன கதையையும் முதல் தரம் "நம்பக்கூடியதாக இல்லை" என்று எழுதித்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் கரடிக் கதையில் நான் சிரித்த சிரிப்புக்கு வடைத் தட்டு கவிழப் பார்த்தது. உலகமே ஒரு கரடியால் முடிந்திருக்கும் என்றால், என் மிளகாய் எந்த மூலைக்கு!

சந்திப்புக்கு முதல் நாள் மேல்வீட்டு அம்மா ஒரு பரிசோதனை வைத்தார். தீயணைப்பு நிலையத்துக்கு மணி போகாதபடி முறைப்படி தொலைபேசி எடுத்து நிறுத்திவைத்துவிட்டு, கழுத்தில் ஓட்டப்போட்டி மணிக்கூட்டோடு எங்கள் குசினிக்கு வந்தார். நான் வறுத்தேன், அவர் எழுதினார். பதினொரு தரம் தும்மினார், அதையும் எழுதினார். கதவு பூட்டியிருந்தால் மணி அடிக்கவில்லை. விரல் அளவு திறந்ததும் அடித்தது. பிறகு அடுப்பை அணைத்து, கேத்தலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வாசலில் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் ஆவிக்கும் அடித்தது.

"பாத்தீங்களோ, சந்திரன்!" என்று கை தட்டினார்.

நிர்வாகத்தில் இருந்த இளம் அதிகாரி, மேல்வீட்டு அம்மா சந்திரனிலிருந்து கேத்தல் வரைக்கும் சொல்லி முடிக்கும்மட்டும் மரியாதையாகக் கேட்டார், சிரிக்கவும் செய்தார். ஆனால் கழுத்துப்பட்டி கட்டியவர்களின் சிரிப்பு பாதி வழிதான் வரும். கருவியை வருஷக் கடைசியில் பரிசோதிப்போம், அதற்கிடையில் உங்கள் வீட்டால் இன்னும் ஒரு தரம் மணி அடித்தால் வீட்டை விடவேண்டும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே உலகக் கிண்ணப் போட்டிக்காக எல்லாப் பல்கணியிலும் கொடி தொங்கியது. எங்கள் வீட்டில் மட்டும் துக்கம் கொண்டாடினோம்.

மூன்று மாதம் கடைத்தூள். கணவர் குழம்பைக் கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்த்தார். ஒருநாள் தாங்கமாட்டாமல், "கடைத்தூள் வாங்கச் சொல்லி உம்மட வாயைத்தான் கிளறினனே தவிர நான் உண்மையாச் சொல்லேல்லை" என்றார்.

புரட்டாதி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் குளியலறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

முதலில் எனக்குத் தீ என்ற எண்ணமே வரவில்லை. வீடு போச்சு என்றுதான் நினைத்தேன். கையில் சவர்க்கார நுரையோடு மாடிப்படிக்கு ஓடினேன். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் சிரித்து, "நல்லாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார். கீழ்த்தளத்திலிருந்து எட்டிப்பார்த்த பராமரிப்புப் பெண் என் முகத்தைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டு வயோதிபர்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனாள். புலி வருது கதையைச் சின்ன வயதில் படித்திருக்கிறேன். அதில் புலியாகவும் பொடியனாகவும் நானே ஆக்கப்படுவேன் என்று நினைத்ததில்லை. அந்தக் கட்டடம் முழுவதிலும், இது மிளகாய் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"நானில்லை! நானில்லை!" என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழில்தான் வந்தது.

மேல்வீட்டு அம்மா வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். என் கையைப் பார்க்கவில்லை, குசினியை எட்டிப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்களோ?"

"இல்லை. அடுப்பே பத்தவைக்கேல்லை."

அதற்குப் பிறகு நான் கேட்ட குரலை அவரிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "வெளிய! எல்லாரும் வெளிய!" ஒவ்வொரு கதவிலும் கையால் அடித்துக்கொண்டு இறங்கினார். சிரித்த எதிர்வீட்டுக்காரர் சிரிப்பை மறந்து ஓடினார். கீழே ஒன்பது வயோதிபர்கள், நாலு பேர் சக்கர நாற்காலியில். நானும் பராமரிப்புப் பெண்களும் தள்ள, அவர் வாசலில் நின்று எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு ஐயா சூப்புக் கோப்பையைக் கடைசிவரை விடவில்லை, தெருவுக்கு வந்தும் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஆள் நடைபாதையில் ஏறியபோதுதான் நிலவறைப் படியால் கறுப்புப் புகை மொத்தமாக எழும்பியது. உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் ஒன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டு நிர்வாகம் அந்தக் கிழமையே எச்சரிக்கைக் கடிதங்களை மீளப்பெற்றது, கருவியையும் மாற்றியது. அந்தச் சனிக்கிழமை வாசலைப் பூட்டிக்கொண்டு இரண்டு கிலோ வறுத்தேன்.

ஆனால் எனக்கு அந்தத் தெருவோரம்தான் நினைவில் நிற்கிறது. தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடும்போது மேல்வீட்டு அம்மா மதிலைப் பிடித்தபடி நின்றார். "இருவது வருசம் இருந்தனான்" என்றார். "உண்மைக்கு இண்டைக்குத்தான்."

"என்னெண்டு என்னை நம்பினீங்கள்?" என்று கேட்டேன். "எல்லாரும் சிரிச்சவை."

அவருக்கு அந்தக் கேள்வியே புதினமாக இருந்தது போலும்.

"மூண்டு தரமும் ஒளிக்காமல் 'நான்தான்' எண்டு சொன்னனீங்கள். நாலாம் தரம் 'இல்லை' எண்டா, இல்லைத்தானே."

இந்த நாட்டுக்கு வந்து அப்போது பதின்மூன்று வருஷம். கடதாசி, கையெழுத்து, முத்திரை ஒன்றும் கேட்காமல் என் வாய்ச்சொல்லை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான். நடுத்தெருவில், வெறுங்காலோடு, கையில் காய்ந்துபோன நுரையோடு நின்று நான் விக்கி விக்கி அழுதேன். மிளகாயால் என்று நினைத்து ஒரு தீயணைப்புக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.