ஆத்தூர்க்காரி தின்ற உண்ணிச்செடி

மஸ்கட்டில் நான் வேலை செய்யும் வில்லாவில் பொடுதலையை மிதிக்கக் கூடாது. நம் பக்கத்தில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் தரையோடு தரையாகப் படர்ந்து, ஆடு மாடு மிதித்து, நாமும் மிதித்து, அதன் மேலேயே துணியும் காயப்போடுவோமே, அதே பொடுதலைதான். முதல் நாள் அதைத் தோட்டத்தில் பார்த்தபோது களை என்று நினைத்துப் பிடுங்கக் குனிந்தேன். பின்னாலிருந்து மேற்பார்வையாளர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். புல்தரைக்குத் தண்ணீர் கட்டுப்படியாகாது, இது கொஞ்சம் தண்ணீரிலேயே பச்சையாக இருக்கும் என்று நாற்றாக வாங்கி நட்டிருக்கிறார்கள். மண்ணுக்கடியில் ரப்பர் குழாய் ஓடி அதற்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறது. திப்பிலி போல எழும்பி, சுற்றிலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ வைக்கும் அதன் தலைகளை வாரம் ஒரு தடவை மிஷின் போட்டு வெட்ட வேண்டும். பூவுக்குத் தேனீ வருமாம், குழந்தைகளைக் கொட்டுமாம். வெட்டியதைக் கறுப்புப் பையில் அடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றுவது என் வேலை.

சுவர் ஓரமாக உண்ணிச்செடி. கொல்லிமலை அடிவாரத்தில் ஆளுயரத்துக்கு முள்ளும் புதருமாக மண்டிக் கிடக்கிற அதைத்தான் இங்கே பந்து பந்தாகக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். மஞ்சளாக விரிந்து, ஆரஞ்சாகி, சிவந்து போகும் அந்தப் பூக்களைக் காரில் வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். இன்னொரு மூலையில் சீமை நாயுருவி. சாட்டைபோல் நீண்ட காம்பில் ஒரு நாளைக்கு நாலைந்து நீலப் பூ மட்டும் விரியும். எங்கள் மேற்பார்வையாளர் எகிப்துக்காரர், விவசாயம் படித்தவர். முதீர் என்று கூப்பிடுவோம், மேனேஜர் என்று அர்த்தம். அவர் ஒரு நாள் மூன்றையும் கைகாட்டிச் சொன்னார்: "திஸ், திஸ், திஸ். ஆல் வெர்பினா. சேம் ஃபேமிலி."

நான் பயந்துபோய், "நோ சார். ஐ பேச்சிலர்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தோட்டத்து மைனாக்கள் பறந்துபோயின. "நாட் யூ! ஃபிளவர்!"

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு என் பயம் புரியும். மனைவியை விசா எடுத்துக் கூட்டிவந்து வைத்திருப்பவன் ஃபேமிலி. மற்றவன் எல்லாம் பேச்சிலர். எனக்குக் கல்யாணமாகி, மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று, தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் ஒரு அறையில் ஆறு பேராகக் கட்டில் அடுக்கில் படுத்திருப்பதால் நான் பேச்சிலர்தான். ஃபேமிலிக்கு மட்டும் என்று போர்டு வைத்த இடத்துக்குள் போனால் காவலாளி வெளியே அனுப்பிவிடுவான். அதனால் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும், கேட்கும் முன்பே இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தேன். அன்றைக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இந்தச் செடிகளுக்குக்கூட இங்கே ஃபேமிலி இருக்கிறது என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

வில்லாவின் சொந்தக்காரர் வயதான ஓமானி, நல்ல மனிதர். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு நாள் பொடுதலையைக் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "மை கன்ட்ரி" என்றேன். என் ஊரிலும் இது உண்டு என்று சொல்ல நினைத்தேன், அவ்வளவுதான் இங்கிலீஷ் வந்தது. அவர் நிமிர்ந்து, "லா, லா", இல்லை இல்லை என்று தலையாட்டினார். மலையைக் காட்டி, ஃபலஜ் ஃபலஜ் என்று ஏதோ நீளமாகச் சொன்னார். ஃபலஜ் என்றால் அவர்கள் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். அந்த வாய்க்கால் ஓரமெல்லாம் இதுதான், இது எங்களுடையது என்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துச் சொன்னாரோ, மறுநாள் முதீர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, செடி வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள், நீயாக எடுத்துப் போகாதே என்றார். இரண்டு ஊரிலும் சொந்தமாக இருக்க அந்தச் செடியால் முடிகிறது. அதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருடம் லீவில் வரும்போது திரும்பிப் போவதில்லை என்றுதான் நானும் என் மனைவி சரசும் பேசி வைத்திருந்தோம். எங்கள் வீடு சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கு வடக்கே. ஏற்கெனவே ஒரு நாட்டு மாடு நின்றது. புதிதாகக் கன்றோடு ஒரு கலப்பின மாட்டை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சரசே போய்ப் பிடித்துவந்தாள். போனில் சொன்னாள்: "இந்தத் தடவ கேன்சல் பண்ணீட்டு வந்துருங்க. இவ ஒழுங்காக் கறந்தா இன்னொன்னு புடிச்சுக்கலாம். நீங்க பாலக் கொண்டுபோயி ஊத்துங்க, நான் சோளத்தட்டறுத்துப் போட்டுக்கறேன். மனுசன் மனுசனாட்டம் ஒரே ஊட்ல இருக்கலாமுங்க." விசாவைக் கேன்சல் செய்வதைத்தான் அப்படிச் சொன்னாள். ஊர் நிலைமையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே முதீரிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி அந்த மாட்டுக்கு ஆத்தூர்க்காரி என்றே பெயர் விழுந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஆளைப் பார்த்தால் கழுத்தை நீட்டும். பக்கத்து வீட்டு பாவாயி அக்கா வேலி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங் தம்பி, துபாய்க்காரரு மாடு மேய்க்கப் போறீங்களாமா? அதுகிட்ட இங்கிலீசுல பேசுவீங்களா, அரபியிலயா?"

"துபாய் இல்லீங்க்கா, மஸ்கட்டு."

"எல்லாம் கடலுக்கு அக்கட்டாலதானுங்? விடுங்க. ஆத்தூர்க்காரி வாய் பேச மாட்டா, உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போயிரும்."

நான் அதிகம் பேசாதவன் என்று ஊருக்கே தெரியும். சரசு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போனில் இல்லாமல் நேரில் பார்த்தபோது, இனிமேல் போக வேண்டியதில்லை என்று முழுதாக நம்பினேன். கன்று என் கைவிரலைச் சப்பிக்கொண்டே பின்னால் திரிந்தது. குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி அதை சாமி, சாமி என்று கூப்பிட்டேன். அதுவும் திரும்பிப் பார்த்தது.

அது கடும் வெயில் காலம். வாங்கிப் போட்டிருந்த சோளத்தட்டு தீர்ந்து, அடுத்த லோடு வரவில்லை. சரசு மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வேலைக்குப் போகிற வழியில் இரண்டு மாட்டையும் ஏரிக்கரையில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டுப் போனாள். கரையில் பச்சையாக இருந்தது உண்ணிச்செடி ஒன்றுதான். மறுநாள் ஆத்தூர்க்காரி அசைபோடவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மூக்குத் தோல் காய்ந்த ஏரி மண்போல வெடித்திருந்தது. மாட்டு டாக்டர் இமையைப் பிதுக்கிப் பார்த்ததும் கேட்டார்.

"எங்க மேஞ்சுதுங்க?"

"ஏரிக்கரையிலதானுங்க சார். ஏனுங்?" என்றாள் சரசு.

"உண்ணிச்செடி தின்னிருக்குது. ஈரலப் புடிச்சிருச்சு. ஊசி போடறேன், கரித்தூளக் கரைச்சு வாயில ஊத்துங்க. வெயில் மட்டும் படவே கூடாதுங்க. பட்டா வெள்ளத் தோலு வெந்துரும். இருட்டாக் கட்டிப் போடுங்க."

எங்கள் நாட்டு மாடு அதே கரையில்தான் நின்றது. அதற்கு ஒன்றும் இல்லை. பாவாயி அக்காதான் சொன்னாள்: "நம்மூரு மாடுன்னா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும் தம்பி. இவ கட்டுத்தறியிலயே நின்னு தட்டுத் தின்னு வளந்தவ. பச்சையா இருந்தாத் தின்னுருவா. இவளுக்கு என்ன தெரியும்?" யாரையும் குறை சொல்லவில்லை அவள். ஆனால் சரசு அன்று முழுவதும் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாட்டுக் கொட்டகையை இருட்டாக்கத் துணி போதவில்லை. நான் கொண்டுவந்திருந்த கம்பளிகளை எடுத்தேன். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவோமே, ரோஜாப்பூப் போட்டது, புலி போட்டது. மகள் வீட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. பிரிக்காமல் வைத்திருந்த அவற்றைப் பிரித்துக் கொட்டகையின் திறப்பில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். உள்ளே ஆத்தூர்க்காரி மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்கும். வெளியே கன்று புலிப்படத்தை முட்டிக்கொண்டு கத்தும்.

மூக்கிலும் மடியிலும் தோல் உரிந்துகொண்டு வந்தது. பொடுதலையை அரைத்துப் பூசினால் புண் காந்தாது என்றாள் பாவாயி அக்கா. இதற்கென்ன, ஒரு நடையில் பறித்து வருகிறேன் என்று கிளம்பினேன். சின்ன வயதில் ஏரியின் தண்ணீர் ஓரம் எதுவரை இருந்தது என்பதை அந்தச் செடிதான் காட்டும். அது நிற்கும் இடத்தில் கால் வைத்தால் மண் குளிரும். இப்போது ஏரிக்குள் எங்கே கால் வைத்தாலும் சுட்டது. மதகில் பார்த்தேன். வாய்க்காலில் பார்த்தேன், அதில் பிளாஸ்டிக் கவர் மட்டும் கிடந்தது. கரை நெடுக உண்ணிச்செடி பூத்துக் குலுங்கியது. குடிதண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகுகிற இடத்தில் கட்டாயம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"பொடுதலைங்களா? இங்கதான் கெடந்துச்சுங்க, மெத்தையாட்டம். சேறாகுதுன்னு இப்பத்தான் காங்கிரீட் போட்டு உட்டாங்க."

புதுக் காங்கிரீட்டின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கொடிகூட வெளியே நீட்டவில்லை. அந்த நேரத்தில் மஸ்கட்டில் என் இடத்தில் வேறு யாரோ மிஷின் போட்டு அதன் தலைகளை வெட்டிப் பையில் அடைத்துக்கொண்டிருப்பான். ஒரு பை போதும். அரைப் பைகூடப் போதும். என் ஏரியில் இல்லாத என் ஊர்ச் செடியை நான் கடல் கடந்து போய்க் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது சரசு தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

ஆத்தூர்க்காரி ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கம்பளியை விலக்கியபோது வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அனிச்சையாக மறுபடி மூடினேன். பிறகுதான் அதற்கு இனி வெயில் ஒன்றும் செய்யாது என்று உறைத்தது. மண் அள்ளுகிற வண்டியைக் கூப்பிட்டு எங்கள் காட்டு மூலையில் புதைத்தோம். பாவாயி அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "வாழ வந்த ஊருல வாழல" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நானும் சரசும் கேன்சல் என்ற வார்த்தையைப் பேசவில்லை. நாட்டு மாட்டின் பாலை நம்பி இரண்டு பேர் உட்கார முடியாது. முதீருக்குச் செய்தி அனுப்பவே இல்லை, அதனால் விசா அப்படியே இருந்தது. லீவு முடிகிற வாரம் சரசு தானாகவே என் பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. கிளம்பும்போது, "இன்னொரு மாடு புடிக்கற வரைக்குந்தான?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். இரண்டு பேருமே அதை நம்பவில்லை. அவள் கேட்டது என்னை அனுப்பிவைக்க, நான் சொன்னது படியிறங்க.

கன்றுக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக் காப்பாற்றியது நான்தான். நான் மஸ்கட் திரும்பிய பிறகும் அது நன்றாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. சரசு கட்டுத்தறியிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவாள். போன வாரம் போனைக் கன்றின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "கூப்புடுங்க, கூப்புடுங்க, தெரியுதான்னு பாக்கலாம்" என்றாள். அறையில் மற்றவர்கள் இருந்ததால் வெட்கப்பட்டுக்கொண்டு, மெதுவாக "சாமீ" என்றேன். காது இரண்டும் நிமிர்ந்தன. திரையை நக்கியது. நாக்கும் எச்சிலும்தான் தெரிந்தன. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அது போனை விட்டு விலகி, சரசின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. அங்கே நான் இல்லை என்றதும் கயிறு எட்டும் மட்டும் வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போய், தெருவைப் பார்த்துக் கத்தியது.

"பேசாதீங்க, பேசாதீங்க, கயித்த அறுத்துக்கும்" என்றாள் சரசு.

வாயை மூடிக்கொண்டேன். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அது தெருவையே பார்த்து நின்றது. நான் சத்தம் காட்டாமல் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.