கவிழ்க்காத வள்ளம்

பூங்கனிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சொந்த ஊரான பூதப்பாண்டியில் கல்யாணப் பந்தியில் உட்கார்த்தி வைத்தாலும், கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். “கொசுவுக்கு வாழ்க்கப்பட்டவ” என்று அக்காமார் கேலி பேசுவார்கள். அதில் பாதி உண்மைதான். நாகர்கோவிலில் விலங்கியல் படித்துவிட்டு ஒடிசா மலைக்காடுகளுக்குப் போனவள், இளமை முழுவதும் அங்கே பிள்ளைகளின் விரல்நுனியில் ஊசி குத்தி ரத்தம் சோதித்துக்கொண்டிருந்தாள். மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகள் வெளுத்துப்போய், எடை ஏறாமல், வகுப்பில் தூங்கி விழுவதை ஆராய்ந்து எழுதினாள். கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த நினைப்பு அவளை ஓயவிடவில்லை.

பிறகு இனயம் என்ற கடற்கரை ஊர் அவளைச் சொந்த மாவட்டத்துக்கு இழுத்து வந்தது. மங்களூரிலும் குஜராத்திலும் கடல்தொழில் செய்துவிட்டு வருகிற ஆண்களுக்கு மலேரியா இருப்பது புதிதல்ல. ஆனால் கரையைவிட்டு எங்கும் போகாத பிள்ளைகளுக்கும் அது வந்திருந்தது. அப்படியென்றால் கொசு ஊருக்குள்ளேயே வளர்கிறது. கிணறு, தொட்டி எல்லாம் தேடிச் சலித்தவள் கடைசியில் கடற்கரையில் கண்டுபிடித்தாள். ஆடிக் கடலுக்குப் பயந்து கரையேற்றியிருந்த ஃபைபர் வள்ளங்களுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. அதில் கொசுப்புழுக்கள் படுத்தவாக்கில் மிதந்தன; மலேரியாக் கொசுவின் புழுதான் அப்படி மிதக்கும்.

அவசரம் அவளுக்கு எப்போதும் ஒரு படி முன்னால் ஓடும். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கை வாங்கி, “கரையில கெடக்க வள்ளத்த எல்லாம் இன்னைக்கே கவுத்துப் போடுங்க” என்றாள்.

பெண்கள் எழுந்து வெளியே போனார்கள்.

அவளுக்கு உதவியாக இருந்த உள்ளூர்ப் பெண் ஸ்டெனி கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். “என்ன மேடம் சொல்லிப்போட்டிய? புயலுக்குப் பொறவு எத்தன வள்ளம் ஆளில்லாம கவுந்து வந்துதுன்னு தெரியுமா? இந்தத் தெருவுல பழைய வள்ளத்தக்கூட யாரும் கவுக்க மாட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?”

மறுநாள் பூங்கனியும் ஸ்டெனியும் போனபோது அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசி வீட்டு ஷைஜாவின் மகள் ஸ்மைலினுக்கு மூன்றாவது தடவையாகக் காய்ச்சல். புயலில் தகப்பன் போனபோது தாய் வயிற்றில் இருந்த பிள்ளை. இன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும். கடலில் கவிழ்ந்து கிடந்து, பிறகு மீட்டுக் கொண்டுவந்த அந்தத் தகப்பனின் வள்ளம் வாசலுக்கு எதிரில்தான் நிமிர்ந்து நின்றது. புழு அதில்தான் அதிகம்.

கதவைத் தட்டினாள். “நாங்க சோலியா இருக்கோம்” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

திரும்பிப் போகவும் கால் வரவில்லை. பூங்கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்துக்குள் ஏறினாள். பையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையால் தண்ணீரை இறைத்து வெளியே வீசினாள். வீசியதில் பாதி அவள் முகத்திலேயே வந்து அடித்தது.

கதவு திறந்தது. “காத்துக்கு எதுப்பா எறிஞ்சா மூஞ்சியிலதான் அடிக்கும்” என்றாள் ஷைஜா. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்திருந்தாள். “எறங்குங்க மேடம். அது அவரு வள்ளம்.”

“தெரியும் மக்கா. கேக்காம ஏறினதும் தப்பு, நேத்து பேசினதும் தப்பு. ஆனா பிள்ளைக்கு ரத்தம் பாக்கணும்.”

ஷைஜா கை கொடுத்து அவளை வள்ளத்திலிருந்து இறக்கினாள். பிறகு வாசலைவிட்டு விலகி நின்றாள்.

ஸ்மைலினின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டதும், முடிவு வரும்வரை பூங்கனி அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தாள்.

“இருங்க மேடம். நீங்க நடந்தா கோடு சீக்கிரம் வந்துருமா?”

இரண்டாவது கோடு வந்தது. மலேரியாதான். உடனே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று பூங்கனி இரண்டு தடவை சொன்னாள்.

“இந்த வள்ளத்துல இருந்தா வந்துது?”

பூங்கனி சோதனைப் பட்டையைக் கீழே வைத்தாள். “இதுல இருந்துதான்னு சொல்ல முடியாது. இதுலயும் இருக்கலாம்.”

“கவுக்க மாட்டேன்.”

“கவுக்காண்டாம்.”

ஷைஜா உள்ளே போய் நீலத் தார்ப்பாயை இழுத்து வந்தாள். மீதித் தண்ணீரை ஸ்டெனியும் சேர்ந்து மூவருமாக இறைத்தார்கள். தார்ப்பாயை மூடிக் கட்டி முடிக்கும்போதே தூறல் விழுந்தது. அதன் நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் சேர்வதைப் பூங்கனி பார்த்தாள். கை துறுதுறுத்தது. வாயைத் திறந்தாள்.

“கண்டாச்சு, கண்டாச்சு” என்றாள் ஷைஜா. “நடுவுல கம்பு குடுத்து, தண்ணி நிக்காம பொக்கிக் கட்டுதேன். பிள்ளய நான் கொண்டுபோயிக்கிடுதேன்.” பிறகு தெருவைப் பார்த்துக் கை நீட்டினாள். “ஏட்டி ஸ்டெனி, மேடத்த அடுத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஷைஜா வீட்டுல ரத்தம் குடுத்தாச்சுன்னு சொல்லு, தெறப்பாவ.”