காற்றில்லாத ஆடுகளம்

உள்ளரங்கத்தில் அக்கா முதல் சர்வீஸுக்காகப் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பந்து நேராக மேலே போய் நேராகக் கீழே வந்தது. “ஏளா, இங்கன காத்தே இல்ல” என்றாள். தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பின் சிமெண்ட் தளத்தில், கடற்காற்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் இடத்தில் ஆடிப் பழகியவள் அவள். அன்று பயிற்சியில் அவள் போட்ட சர்வீஸ்களில் பாதியை என்னால் தொடக்கூட முடியவில்லை.

வடக்கே ஒரு நகரத்தில் நடந்த பெண்கள் தொழில்முறை டென்னிஸ் போட்டி அது. இரட்டையர் பிரிவில் நாங்கள் இருவரும் ஜோடியாக ஆடுவதாக இருந்தது. தரவரிசையின் அடியில் எனக்கு ஒரு சின்ன இடம் இருந்தது, அவளுக்கு அதுவும் இல்லை. அப்பா இறந்தபின் அவள் துறைமுகச் சரக்குகளை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குப் போனதால்தான் நான் ஊர் ஊராகப் போய் ஆட முடிந்தது. இந்தப் போட்டிக்கு லீவு தர மறுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு என்னோடு ரயில் ஏறினாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு போட்டிக்கு அவள் வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

பெயர் கொடுக்கும் நாள் காலையில், என் ராக்கெட்டின் நரம்பு தளர்ந்திருக்கிறது என்று அதையும் வாங்கிக்கொண்டு அக்கா கட்டிவரப் போனாள். அந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். அவருடைய வீராங்கனையின் ஜோடிக்குக் காய்ச்சலாம். என்னைச் சேர்ந்து ஆட முடியுமா என்று கேட்டார். தரவரிசையில் எவ்வளவோ மேலே இருந்த பெண் அவள். இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் ஜோடிக்கு இடம் தருவார்கள். அக்காவோடு பெயர் கொடுத்தால் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, இவளோடு என்றால் நிச்சயம். பெயர் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா வரும்வரை காத்திருந்திருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா திரும்பி வந்து மேசைமேல் இருந்த தாளைப் படித்தாள். படித்து முடித்தபின்னும் குனிந்தே நின்றாள். போட்டி நடத்துகிறவர்களாகத்தான் என்னை அவளோடு சேர்த்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். என் ராக்கெட்டை நீட்டி, “நரம்ப ரெண்டு பவுண்டு கூட்டி இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கேன். ஒனக்கு அதான் சரியா வரும்” என்றாள்.

முதல் சுற்றிலேயே, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் அந்தப் பெண்ணும் நானும் தோற்றோம். அக்கா கேலரியில் உட்கார்ந்து நான் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் கைதட்டினாள். பிறகு ஆட்டப் பட்டியலைப் பார்த்தேன். அக்காவும் நானும் சேர்ந்திருந்தால் வந்திருக்கும் தரவரிசையைவிடக் கீழே இருந்த ஒரு ஜோடிக்கும் அதில் இடம் கிடைத்திருந்தது. அதை அவளும் பார்த்திருப்பாள். ஊருக்குத் திரும்பியபின் அவள் ராக்கெட்டைத் தொடவே இல்லை.

அந்தப் போட்டியில் ஆடிய சான்றிதழும் சேர்ந்துதான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வங்கி வேலை கிடைத்தது. அக்கா இப்போது ஓர் உப்புக் கம்பெனியில் எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறாள். போன மாதம், இறந்துபோன அம்மாவின் நினைவாகப் பூசை வைத்த அன்று, அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய் உட்பட. அவள் திட்டுவாள், அழுவாள், நானும் அழுதுவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

“நீயா கேட்டிருந்தா, போய் ஆடுளான்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள். பிறகு, “நீ கேக்கலியே” என்றாள்.

நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன். பின்னாலேயே வந்த அக்கா, நான் தெருவில் இறங்கியதும் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.