சம்மனசின் மூக்கு

திண்டுக்கல் வீட்டு முகப்பைப் புதுப்பிக்க வத்தலக்குண்டிலிருந்து வந்த கொத்தனார், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றினார். அந்தப் புளித்த வாசனையை எட்டு வயதில் முகர்ந்திருக்கிறேன்.

அப்போது அப்பா அதே வத்தலக்குண்டிலிருந்து சவரிமுத்து கொத்தனாரை வரவழைத்தார். அவர் வாசலுக்கு மேலே சுண்ணாம்புக் காரையில் சிறகு விரித்த தேவதூதர்களாக இரண்டு சம்மனசுகளைச் செய்தார். ஒன்றுக்கு என் முகம், மற்றதற்கு அக்கா பிலோமினாவின் முகம். அவளுடையதுதான் அழகாக வந்தது. வேலை முடிந்து அவர் ஊருக்குப் போன சாயங்காலம், சாரத்தில் ஏறி அதன் ஈர மூக்கைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.

“ஏ பிலோமி, ஒன் மூக்கு என்ன அதிரசம் கணக்கா இருக்கு?” என்று தெருவே சிரித்தது. அப்பா கொத்தனாரைத் திட்டினார், மறுபடி கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

“மூக்க எப்படி சார் வைக்கணும்?” என்று அக்காவின் சம்மனசைக் காட்டிக் கேட்டார் இப்போது வந்த கொத்தனார். அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

 “எங் கல்யாணத்தன்னிக்கு சவரிமுத்து கொத்தனாரு கோயில் வாசல்ல வந்து நின்னாருலே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன். அவரு வீட்டுல யாரும் இருக்காகளான்னு கேளு” என்றாள்.

கொத்தனாரிடம் கேட்டேன்.

“கடைசி வரைக்கும் ஒண்டியாத்தான் கெடந்தாரு சார்.”

அதையும் நான்தான் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.