மரியா அவித்த கோதுமை

எண்பதுகளில், நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள் மரியா, சைப்பிரஸ் தீவுக்காரி. ஒரு சனிக்கிழமை, அவித்த கோதுமையில் சீனியும் மாதுளை முத்தும் கலந்து ஒரு கிண்ணம் தந்தாள். ருசியாக இருந்தது. முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

"வெறுங்கிண்ணம் குடுக்கக் கூடாது, ஏதும் போட்டுக் குடும்" என்றார் என் கணவர். பயற்றம் உருண்டைகளை நிரப்பிக்கொண்டு போய், "வீட்டில் என்ன கொண்டாட்டம்?" என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டேன்.

மரியா உருண்டைகளையே பார்த்தாள். "இது செத்தவர்களுக்காக அவிப்பது. என் மகன் சண்டையில் காணாமல் போய்ப் பதின்மூன்று வருஷம். அவிக்கவே மாட்டேன் என்றிருந்தேன். இன்றைக்கு அவித்துவிட்டேன்."

நாக்கில் அந்த இனிப்பு இன்னும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய் அப்போது மூன்று வருஷம். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியை என்று யாராவது வாயெடுத்தாலே சண்டைக்குப் போவேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "அம்மாவுக்குக் கடிதம் எழுதுங்கோ, தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லி" என்றேன்.

அவர் மேசை லாச்சியைத் திறந்து, அதையே சொல்லி எப்போதோ எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்தார்.

அந்த வீட்டில் இத்தனை நாளும் நான் ஒருத்திதான் காத்திருந்திருக்கிறேன்.