காளீஸ்வரியின் குதிரைவாலி லைவும் நான் நடத்திய திறப்பு விழாவும்

நேற்று திருச்சுழி ரோட்டில் ஒரு கடை திறப்பு விழா நடத்தி வைத்தேன்.

கடை கிடையாது. திறப்பு விழா மட்டும்!

என் அக்கா மகள் காளீஸ்வரி வீட்டில் இந்த வருசம் குதிரைவாலி நல்ல விளைச்சல். மில்லில் தீட்டி அரிசியாக்கி, மூட்டை பிடித்து, வீட்டுக்குள் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. வழக்கமாகக் கமிஷன் கடைக்காரர் வண்டி அனுப்புவார். அவர் சொன்னதுதான் விலை.

இந்த முறை அந்தப் பிள்ளை, ஃபேஸ்புக் லைவ் போட்டு சாப்பிடுகிறவர்களுக்கே நேராக விற்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றது.

அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி அதிகம் பேசாதவர். பேசினால் பட்டயம் எழுதின மாதிரி.

"நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரும். அதுக்குள்ள யாவாரம் ஆச்சுன்னா உன் இஷ்டம். ஆகலைன்னா மொத்தத்தையும் ஏத்திருவேன். அப்பறம் இந்த லைவுப் பேச்சே இருக்கக் கூடாது."

பிள்ளை எனக்குப் போன் போட்டது. பின்னே? நெட்வொர்க் என்றால் இந்த வட்டாரத்தில் வேறு யார் ஞாபகம் வரும்! (அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் நான். பரீட்சை அன்றைக்கு மட்டும் காய்ச்சல். காரியாபட்டி வரைக்கும் கேபிள் இழுத்தது நான்தான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. மறுப்பதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை.)

பாளையம்பட்டியிலிருந்து போய் இறங்கினேன். வைஃபை பெட்டியை மாட்டினேன். பச்சை லைட் எரிந்தது.

வேலை அதோடு முடியவில்லை. வியாபாரம் தொடங்குகிறோம், சொந்தபந்தத்தைக் கூப்பிடாமல் எப்படி?

எல்லோருக்கும் சொல்லி விட்டேன். பந்தல், மைக் செட், கேசரி, மதியம் சாப்பாடு.

வாசலில் சந்தனம், கல்கண்டு, வைஃபை பாஸ்வேர்டு!

வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, மந்திரி வருகிறாரா என்று பஸ்ஸை நிறுத்தி விசாரித்தார்கள்.

காளீஸ்வரி உள் அறையில் போனைச் சாய்த்து வைத்து லைவைத் தொடங்கினாள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், பத்தடி தள்ளி இருக்கிற பிள்ளையை ஆளுக்கொரு செல்போனில் பார்த்தார்கள். பந்தல்குடி மதினி ஒரு படி மேலே போய், சென்னை ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டு, பந்தலையும் கேசரியையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள்.

லைவ் நின்றுவிட்டது.

காளீஸ்வரி ஒரு கை குதிரைவாலியை அள்ளிய நிலையில், வாய் திறந்தபடி, சிலை மாதிரி நின்றாள் திரையில். ஆர்டர் ஒன்றும் இல்லை. கருப்பசாமி வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட்வொர்க்கின் அடிப்படையைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் எத்தனை இலை போட்டாலும் சாம்பார் வாளி ஒன்றுதான். இலை கூடினால், கடைசி ஆளுக்குச் சோறு காய்ந்துவிடும். நேற்று அந்தக் கடைசி ஆள், விழா நாயகியே!

காளீஸ்வரி வெளியே வந்து என் காதோரம் சொன்னாள்.

"மாமா, இவுக எல்லாரையும் வைஃபைய விட்டு எறக்குங்க. என் வீடியோ வாசலத் தாண்ட மாட்டேங்குது."

"சொந்தக்காரவுகளப் போயி எப்படித் தாயி எறங்கச் சொல்றது? காலத்துக்கும் பேச மாட்டாக."

"அப்ப நான் எறக்கிக்கிறேன்."

உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள்.

பந்தல் செல்போனைத் தட்டிப் பார்த்தது. பிறகு முணுமுணுத்தது. மதினி எழுந்தே விட்டார்கள்.

"ஏன் கொழுந்தனாரே, கூப்பிட்டு உக்கார வச்சிட்டு எலைய உருவுறீகளா?"

சிலர் செருப்பைத் தேடினார்கள். விசேஷ வீட்டில் கோபித்துக்கொண்டு ஒரு செருப்பு கிளம்பினால், மற்ற செருப்புகளும் பின்னாலேயே போய்விடும். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இன்னைக்கு மொய் கெடையாது. செய்முறை ஒண்ணே ஒண்ணுதான். ரோட்டுக்குப் போயி, அவுகவுக சொந்த நெட்டுல, அவுகவுக குரூப்புல இந்த லைவ ஷேர் பண்ணணும். நான் யார் வீட்டுக்கு என்ன செஞ்சேன்னு சொல்லிக்காட்டுற ஆளு இல்ல."

(சொல்லிக்காட்டினேன். காதுகுத்துக்குக் கொண்டுபோன கிடாயில் தொடங்கி, புதுவீட்டுக்குத் தூக்கிப்போன ஆளுயர அண்டா வரைக்கும்.)

எங்கள் பக்கம் செய்முறை வாங்கியவர் திருப்பிச் செய்யாமல் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மொத்தப் பந்தலும் எழுந்து, டவர் நன்றாகக் கிடைக்கிற பஸ் ஸ்டாப்புக்கு நடந்தது. அங்கே போனதும் போட்டி வந்துவிட்டது. ஒருத்தர் கோயில் குரூப்பில் போட, அவர் பங்காளி விடுவாரா? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் குரூப், மில் குரூப், ஆட்டுச் சந்தை குரூப் என்று எல்லாவற்றிலும் தள்ளினார்.

வீட்டில் வைஃபையில் இருந்தது காளீஸ்வரியின் போன் மட்டும். லைவ் தண்ணீர் மாதிரி ஓடியது. குதிரைவாலியைக் களைந்து, உலை வைத்து, உதிரி உதிரியாக வடித்துக் காட்டினாள்.

திருப்பூரிலிருந்து முதல் ஆர்டர். அப்புறம் மதுரை. அப்புறம் மதினி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"இந்தா, பேசு காளீஸ்வரி. எம்மக ஹாஸ்டல்ல சமையலுக்குக் கேக்குறாக. மாசாமாசம் வேணுமாம்."

சாயங்காலம் வண்டி வந்துவிட்டது. விற்றது பாதி, சுவரோரம் நின்றது பாதி.

டிரைவர் பின்கதவைத் திறந்தார். கருப்பசாமி உள்ளே போய், விற்காத மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கினார். காளீஸ்வரி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் வாசலுக்கு வரவில்லை. ஹாஸ்டலுக்கு என்று தனியாக வைத்திருந்த மூட்டைகளோடு அதையும் சேர்த்து அடுக்கினார்.

"அண்ணே, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. லோடு இல்ல" என்றார்.

பிறகு பொண்டாட்டியிடம் கேட்டார்: "அடுத்த லைவு என்னைக்கு?"

"நீங்க சொல்ற அன்னைக்கு. மாமாவுக்கு மட்டும் சொல்லிராதீக" என்றாள்.

(கண் பட்டுவிடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.)

வெயிலில் நின்று ஷேர் போட்ட அத்தனை சொந்தங்களுக்கும் கும்பிடு. குதிரைவாலி வேண்டுகிறவர்கள் கமெண்டில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுக்கிற வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள்!